ரீஸ்டோர்: மீட்டமையா, மீட்டெடுப்பா?

ரீஸ்டோர் (வினை): மீட்டெடு. பெயராக வந்தால் மீட்டெடுப்பு.

கணினியில் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிய பின், முன்பே எடுத்துவைத்த காப்பு நகலிலிருந்து கோப்புகளைத் திரும்பக் கொண்டுவருவதே ரீஸ்டோர். திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ கணினி பழுதுபார்க்கும் கடைக்குப் போனால், "அண்ணாச்சி, பேக்கப் இருக்கிறதா? ஃபார்மட் செய்துவிட்டு ரீஸ்டோர் செய்துவிடுவோம்" என்பார்கள். பேக்கப் என்பது காப்பு நகல்; ஃபார்மட் என்பது வட்டில் இருப்பதை அழித்துப் புதிதாக ஆயத்தம் செய்வது.

பழுதானதைப் புதுப்பித்தல் என்று பொருள்படும் 'ரெஸ்டௌராரே' என்ற இலத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. உணவகத்தைக் குறிக்கும் 'ரெஸ்டாரன்ட்' அதே வேர்தான்; உடம்புக்குத் தெம்பு தரும் சூப்புக்கு முதலில் வழங்கிய பெயர் அது.

தமிழில் 'மீள்' தன்வினை, 'மீட்டல்' பிறவினை. பகைவர் கவர்ந்துபோன ஆநிரையை மீட்பதற்குக் கரந்தை என்று ஒரு திணையே வகுத்திருக்கிறது நம் இலக்கணம். அடகு நகையை இன்றும் மீட்கிறோம்; ஐந்து நகை அடகில் இருந்தாலும் கல்யாணத்துக்கு வேண்டிய ஒன்றை மட்டும் மீட்டு எடுத்து வருகிறோம். அந்த 'எடு' இங்கே மிகவும் முக்கியம். காப்பிலிருந்து எல்லாவற்றையும் கொட்டாமல், வேண்டியதைப் பார்த்து எடுப்பதை அது சொல்லிவிடுகிறது.

'மீட்டமை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. "கடவுச்சொல்லை மீட்டமை" என்று பல செயலிகளில் பார்க்கிறோம். அங்கே அது ரீசெட். கைப்பேசியில் இருப்பதையெல்லாம் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோவதற்கும் அதே சொல்தான் வழங்குகிறது. படங்களைத் திரும்பப் பெற நினைத்தவர் அந்தப் பொத்தானைத் தொட்டால் இருப்பதும் போய்விடும். ரீசெட் மீட்டமைப்பாகவும் ரீஸ்டோர் மீட்டெடுப்பாகவும் தனித்தனியே நிற்கட்டும்.

விண்டோஸில் உள்ள 'சிஸ்டம் ரீஸ்டோர்' வேறு வேலை. அது இயங்குதளக் கோப்புகளையும் அமைப்புகளையும் முன்பு பதிந்துவைத்த ஒரு நிலைக்குக் கொண்டுபோகும்; அப்படிப் பதிந்த நிலையை 'ரீஸ்டோர் பாயின்ட்', அதாவது மீட்புப் புள்ளி என்பார்கள். அழிந்த கடிதத்தையோ படத்தையோ தராது. வட்டை ஃபார்மட் செய்துவிட்டால் அந்தப் பழைய மீட்புப் புள்ளிகளும் அதோடு போய்விடும்.

பேக்கப்புக்குக் காப்பு நகல், காப்புப்பிரதி இரண்டும் வழக்கில் உள்ளன. நூலின் முதலில் பாடும் காப்பும், கொடை விழாவுக்குக் கையில் கட்டும் காப்பும் இதே சொல்தான். பொருத்தமான ஆக்கம்.

எதை மீட்டெடுப்பது? ஆவணங்கள், படங்கள், அஞ்சல், உலாவியின் புத்தகக்குறிகள். நிரல்களை எடுக்க வேண்டாம். அவற்றின் கோப்புறையை மட்டும் பழையபடி நகலெடுத்து வைத்தால் பெரும்பாலும் ஓடாது. விண்டோஸின் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) அவற்றுக்கான குறிப்புகள் இருக்காது. புதிதாக நிறுவுவதே வழி. லினக்ஸ் என்றால், புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளை மொத்தமாகக் கொண்டுவந்தால் பழைய பதிப்பின் அமைப்புகள் புதியதோடு மோதலாம். தேவையானதை மட்டும் எடுக்க வேண்டும்.

நம் ஊரில் கணினியில் அச்சுக்கோக்கும் டிடிபி கடைகள் கவனிக்க வேண்டியது எழுத்துரு. சென்ற ஆண்டுக் கோவில் கொடை நோட்டீஸை மீட்டெடுத்துத் திறந்தால், வரிதாரர் பெயர்கள் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து நிற்கும். கோப்பு கெட்டுவிட்டதென்று பதறி அழித்துவிடாதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. எழுத்துரு இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கிலமே தெரியும். எழுத்துருக்கள் வழக்கமாக விண்டோஸ் கோப்புறைக்குள் இருப்பதால், 'டாக்குமென்ட்ஸ்' மட்டும் காப்பெடுத்தவரிடம் அவை இருக்காது. காப்பெடுக்கும்போதே அவற்றையும் சேர்த்து எடுங்கள்.

மீட்டெடுத்ததை நேரே பழைய இடத்தில் போடாமல், முதலில் தனிக் கோப்புறையில் இறக்கி, இரண்டொன்றைத் திறந்து பாருங்கள். எல்லாம் சரியாகத் திறக்கும்வரை, பழைய காப்பின்மேல் புதுக் காப்பை எழுத வேண்டாம்.