"நாம கறுப்புதானே, வெயில் என்ன செய்யும்?"

பள்ளி விடுமுறை முடிகிற வாரத்தில், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் மருந்துக்கடையில் கூட்டம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். தெலுக் பாத்திக், பங்கோர், பத்து பிரிங்கி என்று கடற்கரைக்குப் போய் வந்த குடும்பங்கள். பிள்ளைக்குத் தோள் எரிகிறது, அம்மாவுக்கு நெற்றி கறுத்துவிட்டது, பெரிய மகளுக்குச் சீப்பில் முடி கொத்தாக வருகிறது. போவதற்கு முன்னால் சன்ஸ்கிரீன் எடுத்துக்கொள்ளச் சொன்னால், "நாம கறுப்புதானே தங்கச்சி, வெயில் நம்மள என்ன செய்யும்?" என்று சிரிப்பார்கள். திரும்பி வந்ததும் அதே அக்கா, "மூஞ்சி இப்படிக் கறுத்துப் போச்சே, சீக்கிரம் வெளுக்க ஏதாவது கிரீம் கொடுங்க" என்பார். மருந்தாளுநராக எனக்கு இந்த இரண்டு பேச்சுமே கவலை தருகிறது. இரண்டாவது இன்னும் அதிகமாக.

முதல் பேச்சை எடுத்துக்கொள்வோம். நம் தோலில் மெலனின் என்ற நிறமி அதிகம், அது ஓரளவு காக்கும் என்பது உண்மை. ஆனால் நம் தோலும் வெயிலில் வேகும். சிவப்பு வெளியே அவ்வளவாகத் தெரியாததால் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். தொட்டால் சூடு, தோல் இறுகின மாதிரி இருப்பது, சட்டை பட்டாலே எரிச்சல் இவைதான் நமக்கு அடையாளம். வெயில் பட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் இது தொடங்கும். 12 முதல் 24 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். பகல் முழுக்க ஒன்றும் சொல்லாமல் விளையாடிய பிள்ளை, ராத்திரி படுக்க முடியாமல் அழுவது அதனால்தான்.

"தோட்டத்து வெயில்ல வளர்ந்தவங்க நாங்க" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்தத் தோட்டத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவப் போன பாட்டிமார் விடியும் முன்னே கிளம்பினார்கள். தலைக்கு மேலே மர நிழல். உடம்பில் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. கடற்கரையில் எல்லாமே தலைகீழ். உச்சி வெயில், நிழல் கிடையாது, கையில்லாத பனியன். மணலும் அலையும் வெயிலைத் திருப்பி நம் மேலேயே அடிக்கும். உலகச் சுகாதார நிறுவனம் தரும் கணக்கில், காய்ந்த கடல் மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 விழுக்காட்டையும் நுரை சுமார் 25 விழுக்காட்டையும் திருப்பி அனுப்பும். மேகம் மெல்லியதாக இருந்தால் 80 விழுக்காடு வரை கீழே இறங்கிவிடும். கழுத்தளவு தண்ணீரில் நின்றாலும் தப்பிக்க முடியாது.

நேரக் கணக்கும் நம்மை ஏமாற்றும். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. அதனால் பேராக்கில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு இல்லை, ஏறக்குறைய 1.15க்கு. சாப்பிட்டு முடித்து, வெயில் சாய்ந்துவிட்டது என்று 2.30க்குத் தண்ணீரில் இறங்கினால் அது இன்னும் கடும் வெயில்தான். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் வரை பொறுத்திருங்கள்.

சன்ஸ்கிரீனில், வெயிலைத் தடுக்கும் திறனைக் காட்டும் எஸ்.பி.எஃப். எண் 30 இருந்தாலே போதும். தண்ணீர் தாங்கும் வகையாக இருக்கட்டும். பெரியவர் ஒருவருக்கு உடம்பு முழுக்கப் பூச ஏறக்குறைய 30 மில்லி வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், குளித்துத் துடைத்த பிறகும் மறுபடி பூச வேண்டும். 50 மில்லி டியூப் ஒன்று ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரு வேளைக்கே பத்தாது. அந்தச் செலவு எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்று எனக்குத் தெரியும். அதனால் நான் சொல்வது: உடம்பை அடர் நிறத்தில், நெருக்கமாக நெய்த முழுக்கை நீச்சல் சட்டையால் மூடுங்கள். கிரீமை முகம், காது, பிடரி, பாதத்தின் மேல் பக்கம் இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பருத்திச் சட்டை நனைந்தால் காக்கும் திறன் குறைந்துவிடும். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு நிழல் மட்டும்தான், கிரீம் வேண்டாம். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற மருந்துகளைச் சாப்பிடுபவர்களின் தோல் வெயிலில் சீக்கிரம் பாதிக்கப்படும். மருந்தை நிறுத்திவிடாதீர்கள், போகும் முன் கேட்டுவிட்டுப் போங்கள்.

யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் உண்டு. ஒரு பெண்மணி கையை நீட்டிக் காட்டினார். விரலிடுக்கில் தொடங்கி மணிக்கட்டு வரை, ஏதோ வழிந்து ஓடிய தடம் மாதிரியே கரும்பழுப்புக் கறை. ஓரத்தில் இரண்டு கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. அடுப்புச் சூடு பட்டிருக்கும் என்று நினைத்திருந்தார். விசாரித்தால், கடற்கரையில் மீன் சுட்டு, எல்லோருக்கும் எலுமிச்சை பிழிந்து கொடுத்தது அவர்தான். எலுமிச்சைச் சாற்றில் இருக்கும் ஒரு பொருள், வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும். ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும், கறை மறைய மாதங்கள்கூட ஆகலாம். பிழிந்த கையோடு சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

முடிக்கு வருவோம். நனைந்த முடிக்கு உறுதி குறைவு. அதில் உப்பும் மணலும் சிக்கும் சேர்ந்திருக்கும்போது வறட்டு வறட்டென்று சீவினால் அறுந்து வரும். சீப்பில் வருவது பெரும்பாலும் அப்படி அறுந்த முடிதான், வேரோடு கொட்டியது இல்லை. கடலில் இறங்கும் முன் நல்ல தண்ணீரில் தலையை நனைத்து, நுனி வரை கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, தளர்வாகப் பின்னிக்கொள்ளுங்கள். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் இரண்டையும்விடத் தேங்காய் எண்ணெய்தான் முடியின் புரத இழப்பைக் குறைத்தது. நம் வீட்டுப் பழக்கம் இதில் சரி. ஆனால் அதையே முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் நிற்பது பாதுகாப்பாகாது. கரையேறியதும் உப்புப் போக அலசி, கண்டிஷனர் போட்டு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுங்கள்.

தைப்பூசத்துக்குப் பினாங்கு போய் மொட்டை போட்ட கையோடு பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகும் வழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. அதுவரை வெயிலே படாத தலைத்தோல் அது. சந்தனம் குளிர்ச்சி தரும், வெயிலைத் தடுக்காது. கட்டாயம் தொப்பி போடுங்கள்.

சரி, வெந்துவிட்டது, இப்போது என்ன? குளிர்ந்த தண்ணீரில் குளியல், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், நிறையத் தண்ணீர், வலிக்குப் பாராசிட்டமால். பற்பசையும் ஐஸ் கட்டியும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். காய்ச்சல், வாந்தி, உடம்பில் பரவலாகக் கொப்புளம் என்றால் நேராகக் கிளினிக்குக்குப் போங்கள். கைக்குழந்தைக்கு இதில் ஒன்றுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இப்போது அந்த இரண்டாவது பேச்சு. கடல் வெயிலில் வந்த கறுப்பு, வெயிலைத் தவிர்த்தால் சில வாரங்களில் தானாகவே குறையும். அந்தச் சில வாரம் பொறுக்காமல், இரவுச் சந்தையிலும் டிக்டாக்கிலும் விற்கும் வெளுக்கும் கிரீமை வாங்கிவிடுகிறார்கள். மலேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ. இப்படிப்பட்ட பல கிரீம்களின் பதிவை ரத்து செய்திருக்கிறது. அவற்றில் கண்டுபிடித்தது பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், பீட்டாமெத்தசோன். பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும், வயிற்றில் இருக்கும் சிசுவையும் விடாது. பீட்டாமெத்தசோன் ஸ்டீராய்டு, முதலில் முகம் பளபளக்கும், போகப் போகத் தோல் மெலிந்து பருவும் சிவப்பும் வரும். இவற்றில் சில, தோலை வெயிலுக்கு இன்னும் பலவீனமாக்கும். அடுத்த விடுமுறைக்குக் கடலுக்குப் போகும்போது முன்பைவிட மோசமாகக் கறுக்கும், அப்புறம் இன்னொரு டப்பா. பதினாறு, பதினேழு வயதுப் பெண்பிள்ளைகள் இந்தச் சுழலில் மாட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. வீட்டில் யாராவது "கறுத்துட்டே" என்று சொன்ன ஒரு சொல்லில்தான் இது ஆரம்பிக்கிறது.

அழகுப் பொருளுக்கு என்.ஓ.டி. (NOT) என்று தொடங்கி, ஒன்பது இலக்கங்களும் கடைசியில் கே (K) என்ற எழுத்தும் கொண்ட என்.பி.ஆர்.ஏ. அறிவிப்பு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை என்.பி.ஆர்.ஏ. தளத்தில் தேடிப் பார்க்கலாம். ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசி வருகிறீர்கள் என்றால், திடீரென்று நிறுத்தும்போது முகம் கொதித்து எழலாம். டப்பாவைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடமோ பக்கத்து மருந்துக்கடையிலோ கொண்டுபோய்க் காட்டுங்கள். லேபிள் இல்லாத டப்பாவாக இருந்தாலும் பரவாயில்லை.