புரோபயாட்டிக்: நலநுண்ணுயிரி

தக்க அளவில் உட்கொண்டால் உடல்நலத்துக்கு நன்மை செய்யும், உயிருள்ள நுண்ணுயிரியே புரோபயாட்டிக். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய வல்லுநர் குழு 2001இல் வகுத்த பொருள் இது.

'புரோ' என்னும் இலத்தீன் முன்னொட்டுக்குப் 'பொருட்டு' என்றும், 'பயோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு 'உயிர், வாழ்வு' என்றும் பொருள். 1965இல் லில்லி, ஸ்டில்வெல் என்னும் ஆய்வாளர்கள் ஆன்டிபயாட்டிக்குக்கு எதிர்ச்சொல்லாக இதை ஆண்டபோது, அது ஒரு நுண்ணுயிரி சுரந்து மற்றொன்றின் வளர்ச்சியைத் தூண்டும் பொருளைக் குறித்ததே தவிர, உயிரியைக் குறிக்கவில்லை. 'உயிருள்ள' என்பதை 1989இல் ஃபுல்லர் என்னும் ஆய்வாளர் வலியுறுத்திய பின்னரே இன்றைய பொருள் நிலைபெற்றது. கருத்தோ சொல்லுக்கு முந்தியது. 1908இல் நோபல் பரிசு பெற்ற உயிரியலாளர் மெச்னிகாஃப், பல்கேரியச் சிற்றூர் மக்களின் நீண்ட ஆயுளை அவர்கள் உண்ட புளித்த பாலோடு அப்போதே தொடர்புபடுத்தினார்.

தமிழில் 'நல்ல பாக்டீரியா' என்று எழுதுவது எளிது, ஆனால் பிழையானது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கப்படும் சாக்கரோமைசிஸ் பூலார்டி பாக்டீரியா அன்று, ஈஸ்ட் என்னும் பூஞ்சை வகை. மேலும், பெருங்குடலில் இயல்பாகவே குடியிருந்து, நாம் செரிக்க இயலாத நார்ச்சத்தை நொதிக்கச் செய்து, குடற்சுவரின் செல்களுக்கு உணவாகும் பியூட்டிரேட் என்னும் கொழுப்பு அமிலப் பொருளைத் தருகின்ற பாக்டீரியாக்களும் நல்லவையே எனினும், வெளியிலிருந்து உட்கொள்ளப்படாத அவற்றுக்குப் புரோபயாட்டிக் என்ற பெயர் இல்லை. அவற்றைக் 'குடல்வாழ் நுண்ணுயிரிகள்' என்பதே தகும். 'நலநுண்ணுயிரி' என்பதையே நான் பரிந்துரைப்பேன். நன்மை, உடல்நலம் ஆகிய இரண்டையும் 'நலம்' என்ற ஒரு சொல்லே தாங்கிக்கொள்கிறது.

சிறுதுளி ஒன்று குடம் நிறைந்த பாலையே மாற்றிவிடும் என்பதைத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர். ஆய்மகள் (இடையர் குலப் பெண்) நகத்தால் தெறித்த துளி குடப்பால் முழுவதையும் தயிராக்குவதைப் புறநானூற்றின் 276ஆம் பாடல் 'குடப்பால் சில்லுறை' என்கிறது. அந்த 'உறை' இன்றும் அடுக்களையில் வழங்குகிறது: பால் விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஒரு கரண்டி மோரை விட்டு மூடிவைத்தால், லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிக் காலைக்குள் கட்டித் தயிராகிவிடும். ஆயினும் உறையை நலநுண்ணுயிரிக்கு மாற்றுச் சொல்லாகக் கொள்ள முடியாது. வீட்டுத் தயிரில் இன்ன வகை, இவ்வளவு என்ற கணக்கில்லை. நன்மை சோதித்து மெய்ப்பிக்கப்பட்ட வகைக்கே அப்பெயர் உரியது. கொதித்து இறக்கிய மோர்க்குழம்பில் பாக்டீரியாக்கள் உயிரோடு எஞ்சுவதில்லை என்பதால், அதற்கு இச்சொல் அறவே பொருந்தாது.