பேட்டரி ட்ரில்லும் ட்ரெயிலர் ஜாக்கும்: கடைசிச் சுற்று கையால்தான்

விக்டோரியா தின நீண்ட வார இறுதி முடிந்தால் எங்கள் பட்டறையில் கூட்டம் தொடங்கிவிடும். ஒன்ராறியோவில் கேம்பிங் ட்ரெயிலர்கள் பனிக்காலம் கழிந்து முதன்முதலாக வெளியே வருவது பெரும்பாலும் அந்த மே மாத விடுமுறையில்தான். வருகிற பழுதுகளில் ஒன்று ஒவ்வோர் ஆண்டும் தவறுவதில்லை. வண்டி ஆடாமல் மூலையில் முட்டுக் கொடுக்கும் ஸ்டெபிலைசர் ஜாக்கின் திருகுத் தண்டு வளைந்திருக்கும். இல்லையென்றால் ஜாக் முழுதாக மடங்கிய நிலையில் இறுகிப்போய், எந்தப் பக்கம் சுற்றினாலும் அசையாது. என்ன நடந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ட்ரில் வைத்துத்தான் சுற்றினேன் அண்ணா."

ட்ரில் வைப்பதில் தப்பில்லை, நானும் வைக்கிறேன். கத்தரிபோல விரிந்து மடங்கும் சாதாரண சிசர் வகை ஜாக்கில், கிராங்க் (கையால் சுற்றும் கம்பி) மாட்டும் அறுகோணத் தலை பெரும்பாலும் 3/4 அங்குலம்தான். அதற்கேற்ற சாக்கெட் அடாப்டரை ட்ரில்லில் பொருத்தினால், நான்கு மூலையிலும் முழங்காலிட்டுச் சுற்ற வேண்டிய வேலை சட்டென்று முடிந்துவிடும். மழையில் வந்து இறங்கியவர்களுக்கும் முதுகுவலி உள்ளவர்களுக்கும் அது பெரிய உதவி. எந்த இடத்தில் ட்ரில்லை நிறுத்த வேண்டும் என்பதைத்தான் பலருக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெபிலைசர் ஜாக் ட்ரெயிலரைத் தூக்குவதற்கானது அல்ல. உள்ளே ஆள் நடமாடும்போது வண்டி ஆடாமல் இருக்க மூலைகளுக்கு முட்டுக் கொடுப்பதே அதன் வேலை. எடையைச் சுமப்பவை சக்கரங்களும், முன்பக்கம் காரோடு மாட்டும் முனையில் உள்ள டங் ஜாக்கும். "ஜாக்கில் 5,000 பவுண்டு என்று போட்டிருக்கிறதே, தூக்கலாம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. அது ஜாக் தாங்கக்கூடிய எடை. மூலையைப் பிடித்துத் தூக்கினால் உங்கள் ட்ரெயிலரின் சட்டகம் தாங்குமா என்பதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை. சட்டகத்தின் பின்மூலை அச்சுக்கு வெகு பின்னால் நீண்டு நிற்கிறது. அதை ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் வண்டியின் உடலே முறுக்கிக்கொள்ளும். முதலில் காட்டிக்கொடுப்பது கதவுதான்: நேற்று வரை லேசாகச் சாத்திய கதவு இன்றைக்குச் சட்டத்தில் உரசும், தாழ்ப்பாள் பொருந்தாது. அப்படி இருந்தால் கதவைக் குறை சொல்லாதீர்கள், உடனே ஜாக்குகளைத் தளர்த்துங்கள்.

அதனால் வண்டியைச் சமன்படுத்துவது ஜாக்கைத் தொடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இடம் வலம் சரியாக வரும்படி சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து ஏற்றுங்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். காரிலிருந்து கழற்றி, டங் ஜாக்கால் முன் பின் மட்டத்தைச் சரிசெய்யுங்கள். அதற்கப்புறம்தான் ட்ரில்.

கையால் கிராங்க் சுற்றுகிறவருக்கு, ஜாக்கின் பாதம் தரையைத் தொட்ட அந்தக் கணமே மணிக்கட்டில் தெரிந்துவிடும். ட்ரில் அந்த உணர்வை எடுத்துவிடுகிறது. சிசர் ஜாக்கின் அமைப்பிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஜாக்கின் கைகள் மடங்கியிருக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் பாதம் வேகமாக இறங்கும், ஆனால் தூக்கும் வலு குறைவு. கைகள் நன்றாக விரிந்த பிறகு ஒரு சுற்றுக்குக் கொஞ்சம்தான் இறங்கும், வலுவோ பல மடங்கு கூடிவிடும். அதாவது, பாதம் தரையை அடைகிற நேரத்தில்தான் ட்ரில் மிகச் சுலபமாக வண்டியைத் தூக்கிவிடும். ட்ரில்லின் சத்தம்கூட அவ்வளவாக மாறாது. நன்றாக விரிந்த ஜாக் பக்கவாட்டில் ஆடவும் செய்யும். தரை பள்ளமாக இருந்தால் ஜாக்கை முழுக்க விரிக்காமல், அடியில் மரக்கட்டை அடுக்கி உயரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கில்பேர் பூங்கா போன்ற இடத்தில் அடியில் பாறை வந்தால் பாதம் தொட்டதும் டக்கென்று நிற்கும், ட்ரில் கையை முறுக்கும். சாண்ட்பேங்க்ஸ் பூங்கா மணலிலோ பாதம் புதைந்துகொண்டே போகும். இன்னும் இறுகவில்லை என்று நினைத்து ட்ரில்லை விடாமல் ஓட்டுவீர்கள். எங்கே போனாலும் பாதத்துக்கு அடியில் அகலமான பலகையோ பிளாஸ்டிக் பேடோ வையுங்கள். பேடுக்கு மேலே ஒரு விரல் இடைவெளி இருக்கும்போதே ட்ரில்லை நிறுத்திவிடுங்கள். மிச்சத்தைக் கிராங்கால் சுற்றுங்கள். பாதம் தொட்டபின் அரைச் சுற்று, அதிகம் போனால் ஒரு சுற்று. நான்கு மூலையும் முடிந்ததும் இன்னொரு முறை சுற்றிவந்து, தளர்ந்ததை மட்டும் இறுக்குங்கள்.

ட்ரில்லை முதல் கியரில் போடுங்கள். ட்ரில்லின் முனைப் பக்கம் எண்கள் போட்டிருக்கும் கிளட்ச் வளையத்தைச் சின்ன எண்ணில் தொடங்கி, ஜாக் வெறுமனே இறங்கும் அளவுக்கு மட்டும் கூட்டுங்கள். சரியாக வைத்தால் பாதம் தட்டியதும் கிளட்ச் கடகடவென்று நழுவும், தண்டு தப்பிக்கும். அந்த வளையத்தை ட்ரில் படம் போட்ட இடத்தில் வைத்தால் கிளட்ச் வேலை செய்யாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பக்கவாட்டுக் கைப்பிடி கொடுத்திருந்தால் கட்டாயம் மாட்டிக்கொள்ளுங்கள். தொங்கும் துப்பட்டா, அவிழ்ந்த தலைமுடி, தளர்ந்த கையுறை எதுவும் சுழலும் அடாப்டர் பக்கம் வரக்கூடாது. பிள்ளைகளும் நாய்களும் வண்டிக்கு அடியில் இல்லை என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் விசையை அழுத்த வேண்டும்.

இம்பாக்ட் டிரைவரை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. சாதாரண 18 வோல்ட் ட்ரில் 50, 60 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். இம்பாக்ட் டிரைவர்களில் 150, 200 என்பது சகஜம். அதையும் சுத்தியல் அடிபோல அடித்து அடித்துத் தரும். ட்ரில்லில் உள்ளதுபோல நழுவும் கிளட்ச் வளையம் அதில் கிடையாது. அப்படி அடிபட்ட ஜாக்கைக் கழற்றிப் பார்த்தால் மரைகளின் ஓரம் கத்திபோல் கூர்ந்து பளபளக்கும். நட்டுக்கு அடியில் கிரீஸோடு இரும்புத்தூள் சாம்பல் நிறக் களிம்பாக அப்பியிருக்கும். அந்த ஜாக்கைத் திரும்ப மாட்டித் தர நான் சம்மதிப்பதில்லை.

ஜாக்கை இறக்குவதைவிட மேலே மடக்கி ஏற்றும்போதுதான் அதிகம் பழுதாகிறது. புறப்படும் அவசரம், வீட்டுக்குப் போகும் நினைப்பு. ட்ரில்லைப் பின்சுழற்சியில் போட்டு அழுத்திப் பிடித்தால், ஜாக்கின் கைகள் முழுவதும் மடங்கிய வேகத்தில் நட்டு முனையில் போய் மோதி இறுகிவிடும். அடுத்த பயணத்தில் அதே ட்ரில்லால் அதைத் திறக்க முடியாது. உடனே பெரிய இம்பாக்ட் ரெஞ்சைத் தேடிப் பிடிக்கிறார்கள், சட்டகத்தோடு பிடித்த போல்ட் அறுகிறது. மடிவதற்குக் கொஞ்சம் முன்பே நிறுத்தி, கடைசிச் சுற்றுகளைக் கையால் முடியுங்கள். தொங்கவும் கூடாது, நெரிக்கவும் கூடாது. டங் ஜாக்கைத் தொடுவதற்கு முன் நான்கும் மேலே ஏறியிருக்க வேண்டும். பின் ஜாக் தரையில் நிற்கும்போது முன்பக்கத்தை உயர்த்தினால் வண்டியின் பாரம் அந்த ஜாக்கின் மேல்தான் போய் உட்காரும்.

சாலை உப்பு பட்ட தண்டை வசந்தத்தில் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, உலர்ந்த வகை லூப்ரிகன்ட் தெளியுங்கள். கெட்டியான கிரீஸ் மணலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ட்ரில் திணறுகிறது என்றால் கிளட்சைக் கூட்டுவதற்கு முன் தண்டைப் பாருங்கள். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யாதீர்கள், அது செல்களைக் கெடுக்கும். கிராங்கை வீட்டில் விட்டுவிட்டு ட்ரில்லை மட்டும் நம்பிப் போகவும் வேண்டாம். இரவு தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், பக்கத்து இடத்தில் தூங்குகிறவர்களை நினைத்தாவது கிராங்கையே எடுங்கள்.

மின்சார ஸ்டெபிலைசர் உள்ளவர்கள், அவசரத்துக்குக் கையால் சுற்றும் துளையில் ட்ரில் வைக்கலாமா என்று தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கூடார ட்ரெயிலர் வைத்திருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூரையை உயர்த்தும் கிராங்குக்கும் அதே அடாப்டர் பொருந்துகிறதே என்று சிலர் ட்ரில்லை அங்கேயும் கொண்டுபோகிறார்கள். கூரை உச்சிக்குப் போய்விட்டது என்பது ட்ரில்லுக்குத் தெரியாது. இழுக்கும் கேபிள் அறுந்தால் கூரை மொத்தமும் கீழே வரும், அடியில் யாராவது மெத்தை விரித்துக்கொண்டிருக்கலாம். அந்தக் கிராங்கைக் கையால் மட்டும் சுற்றுங்கள்.