கயோட்டி வேட்டையில் ‘ஃபீமேல் வோக்கலைசேஷன்’: தமிழில் என்ன சொல்லலாம்?

வட அமெரிக்காவில் கயோட்டி என்ற நாயினக் காட்டு விலங்கின் வேட்டைக்குப் போகிறவர்களிடம் ஜனவரி பிறந்துவிட்டால் ‘ஃபீமேல் வோக்கலைசேஷன்’ என்ற சொல் அதிகமாகப் புழங்கும். பெண் கயோட்டி எழுப்பும் சத்தங்களை ஊதுகுழலிலோ மின்கருவியிலோ போலியாக எழுப்பி, அதைக் கேட்டு வருகிற விலங்கைத் துப்பாக்கி எட்டும் தூரத்துக்கு இழுக்கிற முறை இது. தமிழில் எழுத உட்கார்ந்தால் கை தானாக ‘இனச்சேர்க்கை அழைப்பு’ என்று எழுதப் பார்க்கும். அப்படி எழுதினால் பொருளில் முக்கால்வாசி போய்விடும் என்பதுதான் என் கவலை.

முதலில் விலங்கின் பெயர். நடு மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் ‘கொயோட்ல்’, ஸ்பானிய வாயில் ‘கொயோத்தே’, அங்கிருந்து ஆங்கிலம். மெக்சிகோ நகரத்தில் கொயோவகான் என்று ஒரு பகுதி இருக்கிறதே, அந்தப் பெயருக்குள்ளும் இருப்பது இதே விலங்குதான். 1804இல் அமெரிக்காவின் மேற்கை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் பயணக்குழு இதைப் பார்த்தபோது ‘பிரெய்ரி ஓநாய்’, அதாவது புல்வெளி ஓநாய், என்று குறித்துக்கொண்டது, பிறகு 1823இல் இயற்கை ஆய்வாளர் தாமஸ் சே ‘கேனிஸ் லேட்ரன்ஸ்’ என்று அறிவியல் பெயர் வைத்தார், குரைக்கும் நாய் என்று பொருள். சத்தத்தை வைத்தே பெயர் வாங்கிய விலங்கு என்றால் அது எவ்வளவு பேசும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நரி என்றோ ஓநாய் என்றோ தமிழாக்க வேண்டாம், கயோட்டி என்றே இருக்கட்டும். நம் குள்ளநரிக்கு உறவு, ஆனால் அதைவிடப் பெரியது.

‘ஃபீமேல்’ என்பது லத்தீனின் ‘ஃபெமெல்லா’, அதாவது சிறு பெண், பிரெஞ்சு வழியாக வந்தது. ஆணைக் குறிக்கும் ‘மேல்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு அதற்குப் பிறப்புறவு எதுவும் கிடையாது, எழுத்துதான் பின்னால் அதைப் பார்த்து மாறியது. ‘வோக்கலைசேஷன்’ குரல் என்று பொருள்படும் ‘வாக்ஸ்’ அடியில் பிறந்தது. விலங்கு தொண்டையிலிருந்து எழுப்பும் எந்தச் சத்தமும் அதற்குள் அடங்கும், ஊளை மட்டும் இல்லை.

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1978இல் பிலிப் லெனர் என்ற ஆய்வாளர் கயோட்டியின் சத்தங்களை ஓர் அகராதி போலவே வகைப்படுத்தினார்: உறுமல், குரைப்பு, குரைத்து ஊளையிடுவது, கீச்சிடுவது, சிணுங்கல், தனி ஊளை, கூட்டமாகக் கத்தி ஊளையிடுவது என்று இவையும் இன்னும் சிலவும் சேர்த்து மொத்தம் 11. அது ஆண், பெண் என்று பிரித்த பட்டியல் இல்லை. பால் பிரிவு வேட்டைக்காரர்கள் தங்கள் காதை நம்பிச் செய்துகொண்டது. பெண்ணுக்கு உடல் சிறியது, ஆகவே ஊளை சன்னமாக, வழுவழுவென்று, சற்றுக் குட்டையாக இருக்கும். ஆணுடையது தடித்தது, இடையிடையே குரைப்பு விழும். அவர்கள் ‘ஃபீமேல்’ என்று சொல்வது இந்தச் சன்னக் குரலைத்தான்.

அதை எப்படி எழுப்புகிறார்கள்? திறந்த நாக்குக் குழல் என்று ஒன்று உண்டு. மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு ஒன்று வெளியே தெரியும்படி பொருத்தியிருக்கும், அதை உதட்டாலோ பல்லாலோ அழுத்திக்கொண்டு ஊத வேண்டும். நுனிப் பக்கம் அழுத்தினால் அதிர்கிற பகுதி சிறிதாகி சத்தம் உயரும், உள்ளே தள்ளி அழுத்தினால் தடிக்கும். பெண் ஊளைக்கு நுனியை ஒட்டிப் பிடித்து, மூச்சை மெல்ல ஏற்றி, உச்சியில் உடையவிடாமல் இறக்குவார்கள். இரண்டோ மூன்றோ ஊளை, அப்புறம் பல நிமிடம் அமைதி. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதில் கண் இருந்துகொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் கயோட்டி நேராக வராது, சுற்றிக்கொண்டு மோப்பம் கிடைக்கிற பக்கமாக வந்து சோதித்துவிட்டுத்தான் கிட்டே வரும். மின்கருவி வைத்திருப்பவர்களுக்கு இந்த ஊதுகிற வேலை இல்லை, ஆனால் எந்த விலங்குக்கு, எந்தப் பருவத்தில் அதைப் பயன்படுத்தலாம் என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு.

சரி, பொருளுக்கு வருவோம். பெண் கயோட்டி ஆண்டுக்கு ஒரே முறைதான் சினைப்பருவத்துக்கு வரும், இடத்தைப் பொறுத்து ஜனவரி முதல் மார்ச் வரை. ஆணுக்கும் விந்து உற்பத்தி குளிர்காலத்தில்தான். அந்தச் சில வாரங்களில் மட்டுமே ‘இணைக்கு அழைக்கிறாள்’ என்ற பொருள் சரியாக வரும். அப்போது ஊளையோடு சேர்த்து விட்டுவிட்டு வரும் சின்னச் சிணுங்கல் போன்ற சத்தத்தையும் எழுப்புவார்கள், அதற்கு ‘எஸ்ட்ரஸ் சர்ப்’ என்று பெயர். மற்ற மாதங்களில் அதே ஊளை வேறு செய்தியைச் சொல்கிறது: இந்த எல்லைக்குள் யாரோ ஒரு புதியவள் வந்திருக்கிறாள். இலையுதிர்காலத்தில் அந்தக் குரலுக்கு ஜோடியாக ஓடிவருகிறவை விரட்டத்தான் வருகின்றன. தாய் தந்தையை விட்டுப் பிரிந்து அலையும் இளசுகளும் வரும், தடித்த சவால் ஊளையைக் கேட்டால் பம்மிக்கொள்ளும் அவை சன்னக் குரலுக்கு அவ்வளவாகப் பயப்படுவதில்லை.

இன்னொன்று. சிகாகோவைச் சுற்றி வாழும் கயோட்டிகளின் மரபணுவைச் சோதித்து 2012இல் வெளியான ஆய்வு, ஜோடி சேர்ந்தவை துணையை ஏமாற்றி வேறிடத்தில் குட்டி போட்டதற்கான தடயம் ஒன்றுகூட இல்லை என்று கண்டது. அப்படி இருக்க, குரல் கேட்டு வருகிற ஆணையெல்லாம் ஆசையில் வருவதாக எழுதுவது அந்த விலங்குக்குச் செய்கிற அநியாயம். தன் இடத்தைக் காக்க வருவதைக் காமம் என்று பெயர்த்துவிடுகிறோம்.

தமிழில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை. தொல்காப்பிய மரபியல் விலங்கின் பெண்பாற் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லும்போது ‘பாட்டி என்ப பன்றியும் நாயும்’ என்று சொல்லி, நரிக்கும் அது பொருந்தும் என்கிறது. நாய்க்குப் ‘பிணவு’ என்பதும் உண்டு. இன்றைக்குப் பெண் கயோட்டியைப் பாட்டி என்று எழுதினால் படிப்பவர் கிழட்டுக் கயோட்டி என்று நினைப்பார், பிணவுக்கு அடிக்குறிப்பு தேவைப்படும். தெருவில் எல்லோரும் சொல்கிற ‘பெட்டை’ போதும். அதுவும் அதே மரபியலில் உள்ள சொல்தான், அங்கே ஒட்டகம், குதிரை, கழுதைக்குச் சொல்லியிருப்பது பின்னால் நாய்க்கும் வந்துவிட்டது.

துணையை அழைப்பதற்குச் சங்கத் தமிழில் ‘பயிர்தல்’ என்று அழகான வினை இருக்கிறது, குறுந்தொகை 16இல் செங்காற்பல்லி தன் துணை ‘பயிரும்’. பயிர் என்றால் இன்று வயல்தான் நினைவுக்கு வரும் என்பதால் கவிதைக்கு வைத்துக்கொள்ளலாம். பொய்ப்பெண்ணைக் காட்டி ஆணை இழுக்கிற வேட்டைக்கே நம்மிடம் சொல் உண்டு என்பது பலருக்குத் தெரியாது: புறநானூறு 320இல் வேட்டுவன் அசந்து தூங்க, அவன் பழக்கி வைத்த ‘பார்வை மடப்பிணை’யோடு எங்கிருந்தோ வந்த தனி ஆண்மான் ஒன்று விளையாடுகிறது. பிணை என்றால் பெண்மான், பார்வை என்றால் அங்கே மற்ற விலங்கை இழுக்கப் பழக்கி வைத்த விலங்கு. அங்கே கண்ணுக்குக் காட்டியதை இங்கே காதுக்குக் காட்டுகிறார்கள்.

இவ்வளவையும் வைத்து என் பரிந்துரை இது. மொத்தத்துக்கும் ‘பெட்டைக் குரல்’. ஊளையை மட்டும் சொல்லும்போது ‘பெட்டை ஊளை’. எஸ்ட்ரஸ் சர்ப்புக்குச் ‘சினைப்பருவச் சிணுங்கல்’, இது மாடு வைத்திருப்பவருக்கு விளக்கமே வேண்டாத சொல், பருவத்துக்கு வந்த பசுவை ‘சினைக்குக் கத்துது’ என்றுதானே ஊரில் சொல்கிறார்கள். வேட்டைக்காரர் போலியாக எழுப்புவது என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘போலிப் பெட்டைக் குரல்’ என்று எழுதலாம். ‘அழைப்பு’ என்ற சொல்லைக் குளிர்கால ஊளைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அக்டோபரில் ஊதுவதைப் பற்றி எழுதும்போது வெறும் பெட்டை ஊளை என்றே விட்டுவிடுங்கள்.