மென்பொருளை விட்டு வெளியேறும் நாளில் உங்கள் தரவு யார் கையில் இருக்கும்?

நிறுவனங்களுக்குக் கணினி அமைப்புகளை நிறுவிப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். புதிதாக ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்க ஆலோசனை கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது விலையைத்தான். கட்டற்ற மென்பொருள் என்றால் இலவசம், தனியுரிம மென்பொருள் என்றால் காசு கொடுத்து வாங்குவது என்ற அளவிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. காசில்லாமல் கிடைக்கும் தனியுரிம மென்பொருள்கள் ஏராளமாக இருக்கின்றன. கட்டற்ற மென்பொருளுக்கு (திறந்த மூல மென்பொருள் என்றும் சொல்வார்கள்) ஆண்டுச் சந்தா வாங்கிக்கொண்டு ஆதரவு தரும் ரெட் ஹேட் போன்ற நிறுவனங்களும் இருக்கின்றன. ஆகவே விலையை ஒதுக்கிவைத்து உரிமத்தை எடுத்துப் படிப்பதே சரியான தொடக்கம்.

தனியுரிம மென்பொருளை வாங்கியதாக நாம் சொல்லிக்கொண்டாலும், நமக்குக் கிடைப்பது சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதைப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. மென்பொருளை உருவாக்க எழுதிய மூல நிரல் தயாரிப்பாளரிடமே இருக்கும்; எத்தனை கணினிகளில் நிறுவலாம், எதுவரை பயன்படுத்தலாம் என்பதையும் அவரே வரையறுப்பார். இந்த ஏற்பாட்டை ஏற்க மறுத்துத்தான் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலாளர் 1983இல், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தார். எந்த நோக்கத்துக்காகவும் இயக்கலாம், மூல நிரலைப் படித்து மாற்றிக்கொள்ளலாம், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றிய வடிவத்தையும் பகிரலாம் என்ற நான்கு உரிமைகளும் பயனருக்கு இருந்தால்தான் அது கட்டற்ற மென்பொருள். 1989இல் வெளிவந்த, குனு திட்டத்தின் ஜிபிஎல் உரிமம், நிரலை மாற்றி வெளியிடுபவரும் அதே உரிமைகளை அடுத்தவருக்கு வழங்கியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. எம்ஐடி, அப்பாச்சி போன்ற உரிமங்களில் அந்தக் கட்டாயம் இல்லை.

நிரல் எழுதத் தெரியாத எங்களுக்கு இந்த உரிமைகளால் என்ன பயன் என்று கேட்பவர்களிடம் ஓர் அலுவலகத்தின் கதையைச் சொல்வது வழக்கம். அங்கே வாடிக்கையாளர் பதிவேடுகள் அனைத்தும் பல ஆண்டுகளாக ஒரு தனியுரிம மென்பொருளில்தான் இருந்தன. அது நன்றாகவே வேலை செய்தது. அதில் எனக்கு எந்தக் குறையும் தெரிந்ததில்லை. அதைத் தயாரித்த நிறுவனம் தொழிலை நிறுத்திக்கொண்ட பிறகும் மென்பொருள் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்ததால், யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு ஒருநாள் முதன்மைக் கணினியின் வன்தட்டு பழுதாகி, புதிய கணினியில் மென்பொருளை நிறுவியபோது அது உரிமக் குறியீட்டைக் கேட்டது. குறியீடு கோப்புறையில் பத்திரமாக இருந்தது. அதைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டிய, மூடப்பட்ட நிறுவனத்தின் வழங்கிதான் (சர்வர்) இணையத்தில் இல்லை.

காப்புப் பிரதிகள் நாள் தவறாமல் எடுக்கப்பட்டிருந்தன. ஆனால் அவை மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்ட தரவுத்தளக் கோப்புகள் என்பதால், அந்த மென்பொருளைத் தவிர வேறெதனாலும் அவற்றைத் திறக்க முடியவில்லை. நல்லவேளையாக இன்னொரு மேசையில் பழைய கணினி ஒன்றில் அது இன்னும் இயங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்த 'ஏற்றுமதி' பொத்தானை அழுத்தினால் கிடைத்தது பிடிஎஃப் அறிக்கை மட்டுமே. நீண்ட பெயர்கள் பத்தியின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுப்பட்டிருந்தன. முகவரியின் இரண்டாம் வரி, அட்டவணையாக மாற்றும்போது அடுத்த வாடிக்கையாளரின் பதிவோடு போய் ஒட்டிக்கொண்டது. திருப்பிக் கொடுத்த தொகைகள் அடைப்புக்குறிக்குள் இருந்ததால் எண்களாகவே ஏற்கப்படவில்லை. அத்தனையையும் மனிதர்கள் உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்த்துத் திருத்த வேண்டியிருந்தது. அதே பதிவேடுகள் போஸ்ட்கிரெஸ் போன்ற ஒரு திறந்த மூலத் தரவுத்தளத்தில் இருந்து, அதற்கான கடவுச்சொல்லும் அலுவலகத்திடமே இருந்திருந்தால், முழுவதையும் உரைக்கோப்பாக வெளியே எடுத்து வேறொரு கணினியில் ஏற்ற அரை நாள்கூடத் தேவைப்பட்டிருக்காது.

இதனால் திறந்த மூலம் என்றாலே கவலை இல்லை என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். நிரலை எல்லோரும் பார்க்கலாம் என்பதற்கும் யாரோ உண்மையிலேயே பார்க்கிறார்கள் என்பதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. இணையத் தொடர்பை மறையாக்கம் செய்து பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் 2012இல் நுழைந்த ஹார்ட்பிளீட் என்ற பிழை 2014 வரை வெளியே தெரியவில்லை. 2024இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவிக்குள் திட்டமிட்டே ஒரு பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) நுழைக்கப்பட்டது. தொலை கணினியில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்த ஆந்த்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர் காரணத்தைத் துருவிப் பார்த்ததால் அது அம்பலமானது. அவர் வேலை பார்ப்பது மைக்ரோசாஃப்டில் என்பது இந்த இரு தரப்பு வாதத்தில் அதிகம் பேசப்படாத செய்தி. அவரால் நிரலைத் திறந்து பார்க்க முடிந்தது. மூடிய மென்பொருளில் அதே சந்தேகம் எழுந்தால் தயாரிப்பாளருக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

திறந்த மூல நிறுவனங்களும் உரிமத்தை மாற்றுகின்றன. கணினிக் கட்டமைப்பை நிர்வகிக்கும் டெர்ராஃபார்ம் என்ற கருவி 2023இலும் ரெடிஸ் என்ற தரவுத்தளம் 2024இலும் கட்டுப்பாடுள்ள உரிமங்களுக்கு மாறியபோது, முந்தைய பதிப்புகளின் நிரலிலிருந்தே ஓப்பன்டோஃபு, வால்கீ ஆகிய கிளைகள், அதாவது தனியாகப் பிரிந்து வளரும் திட்டங்கள், பிறந்தன. 2010இல் ஓப்பன்ஆஃபீஸ் என்ற அலுவலக மென்பொருளிலிருந்து லிப்ரேஆஃபீஸ் பிரிந்து வந்ததும் இப்படி முந்தைய நிரலிலிருந்துதான். ஏற்கெனவே கொடுத்த உரிமையைத் திரும்பப் பெற முடியாது என்பதால், பயனர்களுக்குப் போக ஓரிடம் இருந்தது. என் கணிப்பில் திறந்த மூலத்தின் மிகப் பெரிய பலன் இதுதான். விலை, வேகம் எல்லாம் இதற்குப் பிறகே.

மாறுவது என்று தீர்மானித்தவர்கள் ஒரே நாளில் இயங்குதளத்தை மாற்றாதீர்கள். இப்போதிருக்கும் இயங்குதளத்திலேயே பயர்ஃபாக்ஸ், லிப்ரேஆஃபீஸ் போன்றவற்றை முதலில் பழகி, பழைய ஆவணங்களில் வேலைகளைத் தானாகச் செய்யும் மேக்ரோக்கள் இயங்குகின்றனவா, எழுத்துரு இல்லாமல் பக்க அமைப்பு சிதைகிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு அடுத்த படிக்குப் போகலாம். ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி ஏறத்தாழ 15,000 கணினிகளைப் பல ஆண்டுகள் உழைத்து 2013க்குள் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸுக்கு மாற்றியும், 2017இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. தொழில்நுட்பம் கைகூடினாலும் நிர்வாகத்தின் ஆதரவு நிலைக்காவிட்டால் இப்படி ஆகலாம்.

தனியுரிம மென்பொருளைத் தவிர வேறு வழியில்லாத துறைகளும் உண்டு. அங்கே சோதனைப் பதிப்பை நிறுவியதும், அழகான திரைகளைப் பார்ப்பதற்கு முன்பாக, சில பதிவுகளை உள்ளிட்டு அவற்றைச் சிஎஸ்வி என்ற எளிய உரை அட்டவணைக் கோப்பாக ஏற்றுமதி செய்து வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். இணைப்பாகச் சேர்த்த ஆவணங்களும் வருகின்றனவா என்று கவனியுங்கள். நிறுவனம் மூடப்பட்டால் மூல நிரலை மூன்றாம் தரப்பிடமிருந்து பெறும் ஏற்பாடு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்றுமதி வசதி அடுத்த பதிப்பில் வரும் என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால், அடுத்த பதிப்பு வந்த பிறகு வாங்குவதாகச் சொல்லிவிடுங்கள்.