கட்டிலுக்குக் கீழே காஸ் சிலிண்டரை வைக்காதீர்கள்

சென்ற வாரமும் என் வேலைத்தலத்துக்கு ஒரு வான் வந்தது. குடும்பமாக மடுவுக்கும் திருகோணமலைக்கும் போய்வர, உள்ளேயே படுத்துச் சமைக்க வசதியாக மரவேலை செய்து முடித்த டொல்பின் வான், அதுதான் பழைய ரொயோட்டா ஹையேஸ். "அண்ணை, ஓடேக்க அலுமாரிக் கதவு திறக்குது, பூட்டை மட்டும் மாத்தித் தாங்கோ" என்றார்கள். பூட்டைப் பார்க்கக் குனிந்தால் கட்டிலுக்குக் கீழே 12.5 கிலோ காஸ் சிலிண்டர். அதன் பக்கத்தில் பற்றறி. கட்டிலின் தலைமாடு பக்கக் கதவைப் பாதி அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதில் படுப்பது இரண்டு பிள்ளைகளாம்.

பூட்டை மாற்றவில்லை. முதலில் சிலிண்டரை இறக்க வைத்தேன்.

இப்படி வருவது இது முதல் தடவை இல்லை என்பதால்தான் எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகள் போனில் படம் கொண்டு வருகிறார்கள். இங்குள்ள தச்சர் அதைப் பார்த்து அச்சொட்டாகச் செய்து கொடுக்கிறார். வேலையில் குறை சொல்ல முடியாது, எங்கள் ஆட்களின் கை அப்படி. ஆனால் படத்தில் திரைச்சீலை தெரியும், விளக்குத் தெரியும். சிலிண்டர் பெட்டியின் அடியில், கசியும் காஸ் இறங்கிப்போகப் போட்ட துளை தெரியாது.

காஸ் பற்றிக் கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "ஜன்னலைத் திறந்துதானே வைப்பம், காஸ் வெளியிலை போயிடும்." போகாது. சமையல் காஸ் என்பது புறொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் கீழேதான் இறங்கும், தண்ணீர் போலத் தரையில் பரவும். ஜன்னல் இருப்பது உங்கள் நெஞ்சு உயரத்தில். காஸ் நிற்பது கணுக்காலில். கட்டிலுக்குக் கீழே பலகையால் அடைத்த பெட்டி என்றால் இன்னும் மோசம், அது நிரம்பிய பிறகுதான் வெளியே வரும். ஜன்னல் நாலையும் திறந்து வைத்தாலும் அந்தப் பெட்டிக்குள் காற்று அசையாது. மணம் காட்டிக்கொடுக்கும் என்பீர்கள். விழித்திருப்பவருக்குக் காட்டிக்கொடுக்கும். நித்திரையில் இருப்பவரை அந்த மணம் எழுப்பும் என்று நம்பிப் படுக்க முடியாது. இரவில் யாரோ எழும்பி லைற் சுவிச்சைத் தட்டினால், அல்லது குளிர்ப்பெட்டியின் மோட்டார் தானாகத் தொடங்கினால், ஒரு பொறி போதும்.

2021 நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் வீடுகளில் காஸ் வெடித்தபோது எத்தனை பேர் சிலிண்டரைத் தூக்கி வெளியே வைத்தார்கள்! வீட்டுக் குசினிக்கே அந்தப் பயம் வந்ததென்றால், ஒரு அறை அளவுகூட இல்லாத வானுக்குள் எப்படித் துணிகிறீர்கள்?

சிலிண்டர் வாகனத்தோடு வரவேண்டும் என்றால் அதற்குத் தனிப் பெட்டி வேண்டும். வானுக்குள் திறக்காமல் வெளிப்பக்கம் மட்டும் திறக்க வேண்டும். உள்ளே வரும் மூட்டெல்லாம் அடைத்திருக்க வேண்டும். அடித்தட்டில் நேராகத் தரையைப் பார்க்கும் துளை இருக்க வேண்டும். அந்தத் துளை சைலன்சருக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. 12.5 கிலோ தேவையே இல்லை, 5 கிலோ அல்லது 2.3 கிலோ போதும். நிமிர்த்தி, பட்டி போட்டு இறுக்குங்கள். ஓடும்போது வால்வு பூட்டியிருக்க வேண்டும். காஸ் அலாரம் வாங்கினால் தரையோடு ஒட்டப் பொருத்துங்கள். கூரையில் பொருத்திய அலாரத்தையும் கழற்றிக் கீழே இறக்கியிருக்கிறேன்.

என்னைக் கேட்டால் உள்ளே சமைக்கவே வேண்டாம். அடுப்பைப் பின்கதவோரம் இழுத்து வெளியே எடுக்கும் தட்டில் வையுங்கள். மாரி மழைக்கு ஒரு படங்கு போதும். வெளியில் மூட்டிய கரி அடுப்பைக் குளிருக்கென்று உள்ளே எடுத்து வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது. இஞ்சினை ஓடவிட்டு ஏசியில் படுப்பதும் அதே ஆபத்துத்தான். நுளம்புத்திரியை மெத்தையோரம் கொளுத்துவதையும் விடுங்கள்.

இனி இடம். டொல்பின் வகை வானின் வெளி அகலம் ஏறக்குறைய 1.7 மீற்றர், உள்ளே 1.5 மீற்றர்தான் தேறும். பெரியவர் ஒருவர் குறுக்கே நீட்டிப் படுக்க முடியாது. நீளப்பாட்டில்தான் படுக்கை. முன் இருக்கைகளுக்குப் பின்னால் ஏறக்குறைய 3 மீற்றர் கிடைக்கும். பின்பக்கம் 6 அடி படுக்கைக்குப் போனால், முன்னால் ஒரு மீற்றருக்குச் சற்று மேல் மிஞ்சும். அந்த ஒரு மீற்றர் பக்கக் கதவுக்குரியது. அங்கே அலுமாரி வேண்டாம், தண்ணீர்க் கான் வேண்டாம், செருப்புப் பெட்டியும் வேண்டாம். பக்கக் கதவு, பின்கதவு இரண்டாலும் இருட்டில் ஆள் இறங்க முடிய வேண்டும். பின்கதவை உள்ளேயிருந்து திறக்க முடியுமா என்று இன்றைக்கே பாருங்கள். முடியாவிட்டால் கைபிடி போடலாம், பெரிய வேலை இல்லை.

பிள்ளைகள் இருந்தால் கணக்கு வேறு. இரண்டாவது வரிசை இருக்கையையும் பெல்ற்றையும் கழற்றாதீர்கள். ஓடும் வானில் பிள்ளை கட்டிலில் படுத்து வருவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏ9 வீதியில் இரவில் மாடு குறுக்கே வராத நாள் உண்டா? மாங்குளத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பினால் யானையும் நிற்கும். பிறேக்கை அமத்தும்போது கட்டியிராத எல்லாம் முன்னுக்கு வரும், பிள்ளையும்தான். நாலு பேரையும் ஒரே வானுக்குள் படுக்கவைக்கப் பார்க்காமல் கூடாரம் ஒன்று வாங்குங்கள்.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "முதிரையில் செய்வம், காலத்துக்கும் கிடக்கும்" என்று ஐயாமார் சொல்வார்கள். வீட்டு வாசற்காலுக்கு முதிரைதான், மறுப்பில்லை. வானுக்கு அந்தக் கனம் ஆகாது. 18 மில்லிமீற்றர் பிளைவூட் முழுப் பலகை ஒன்றே 30 கிலோவைத் தாண்டும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை அதைவிடக் கூட. கட்டிலுக்கும் அலுமாரிக்கும் 9, 12 மில்லிமீற்றரில் சட்டம் போட்டுச் செய்யலாம். தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ. 100 லீற்றர் தாங்கியைப் பின்சில்லுக்குப் பின்னால் தொங்கவிட்டால் முன்பக்கம் இலேசாகி ஸ்ரியரிங் பிடிமானம் குறையும். கனமானவை தாழ, முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையில், இடமும் வலமும் சமமாக வரவேண்டும். அலுமாரி முழுவதும் ஒரு பக்கம் என்றால் எதிர்ப்பக்கம் தண்ணீரையும் பற்றறியையும் வையுங்கள். கிரவல் பாதையில் வெறும் ஸ்குறூ நாளாவட்டத்தில் கழன்றுவிடும். பாரம் தாங்கும் இடமெல்லாம் போல்ற்றும் நட்டும் போட்டு, பின்னால் தகடு வைத்து இறுக்குங்கள்.

குளிர்நாட்டுப் படத்தில் இருக்கிற தடித்த திரையும் அடைத்த சுவரும் இங்கே தேவையில்லை. இங்கே எதிரி வெயில். கூரைத் தகரத்துக்குக் கீழே வெப்பக்காப்புப் போடுங்கள், இரண்டு பக்க ஜன்னலுக்கும் வலை அடியுங்கள். கச்சான் காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகட்டும்.

பற்றறியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ். தகரத் துளைகளில் ஒயர் போகும் இடமெல்லாம் இறப்பர் வளையம். அமிலப் பற்றறியைப் படுக்கைக்குக் கீழே வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது தீப்பற்றும் ஐதரசன் வாயுவை விடும். இருக்கைகளைக் கழற்றுவதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள், காப்புறுதிக்காரருக்கும் சொல்லுங்கள்.

அப்புறம், தயவுசெய்து மரம் வாங்குவதற்கு முன்னால் வெறும் வானோடு வாருங்கள். தரையில் சோக்கால் கட்டிலையும் அலுமாரியையும் கீறுவோம். குடும்பத்தையும் கூட்டி வாருங்கள், எல்லோரும் படுத்துப் பாருங்கள். பிறகு லைற்றை அணைத்துவிட்டு, சின்னப் பிள்ளை தனியாகக் கதவைத் திறந்து இறங்குகிறதா என்று பார்ப்போம். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.