பெட்டி தள்ளும்போது டிராக்டர் எப்படி நிற்கும்?

சம்பா அறுவடைக் காலத்தில் மன்னார்குடி, நீடாமங்கலம் வட்டாரச் சாலைகளில் நெல் ஏற்றிய பெட்டிகளை (டிரெய்லர்) இழுத்துக்கொண்டு டிராக்டர்கள் கொள்முதல் நிலையங்களை நோக்கி வரிசைகட்டிச் செல்லும். பண்ணை இயந்திரங்களின் இயக்கத்தைக் கணினியில் மாதிரியாக்குவது என் தொழில் என்பதால், புதிதாக பிரேக் மாற்றிய வண்டியும் ஏன் சட்டென்று நிற்பதில்லை என்று உரிமையாளர்கள் என்னிடம் கேட்பதுண்டு.

நிற்கும் தூரம் உராய்வுக் குணகத்தையும் (சக்கரத்துக்கும் தரைக்கும் இடையிலான பிடிப்பின் அளவு) வேகத்தையும் பொறுத்ததே தவிர எடையைப் பொறுத்ததல்ல என்று பள்ளியில் படித்திருப்போம். எல்லாச் சக்கரங்களும் பிரேக் பிடித்தால்தான் அது சரி. நம் பகுதியில் ஓடும் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக் உண்டு. பெட்டிகள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. டிராக்டர் 2 டன், பெட்டி 1 டன், 40 கிலோ மூட்டைகள் நூறு என்றால் மொத்தம் 7 டன். இதில் பிரேக் உள்ள பின்சக்கரங்களின் மேல் அழுந்துவது ஏறக்குறைய 1.5 டன்தான். காய்ந்த தார்ச்சாலையில் குணகம் 0.7 என்று கொண்டால், 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நிற்க 16 மீட்டர் ஆகும். எல்லாச் சக்கரங்களும் பிடித்திருந்தால் மூன்றரை மீட்டர் போதும். கேஜ் வீல் (சேற்றில் உழப் பூட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) இழுத்துப்போட்ட களிமண் சாலையில் ஈரமாகப் பரவி, குணகம் 0.3 ஆகக் குறைந்தால் 38 மீட்டர். ஆற்றுக்கரையிலிருந்து 15 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவில் அதே சேறு இருந்தால் கணக்கில் நிற்கும் தூரமே வராது, ஏனெனில் சரிவு இழுக்கும் விசை பிரேக் தரக்கூடிய விசையை விடச் சற்று அதிகம்.

இதுவரை சொன்னதில் டிராக்டரையும் பெட்டியையும் ஒரே திண்பொருளாகவே கொண்டோம். உண்மையில் இரண்டையும் இணைப்பது ஒரு பின். அது தேய்ந்து ஓட்டையில் ஆடும்போது, ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் டிராக்டர் முதலில் வேகம் குறைய, அந்த இடைவெளி மூடும்வரை வேகம் குறையாத பெட்டி பின்னாலிருந்து வந்து மோதுகிறது. இம்மோதலை இரண்டு தனிப் பொருள்களின் மோதலாக மாதிரியில் எழுதிவிடுவது எளிது, ஆனால் தவறு. இணைப்பில் விழும் அடி அதே நொடியில் சக்கரங்களின் தரைத் தொடுகை வரை போய்ச் சேர்வதால், எல்லாத் தொடுகைகளையும் ஒன்றாகவே தீர்க்க வேண்டும். மூட்டால் இணைந்த இரட்டை ஊசல் உராய்வுள்ள தரையில் மோதும் கணக்கில் நியூட்டனின் மீட்சிக் குணகத்தை (மோதிய பின் விலகும் வேகத்துக்கும் மோதும் முன் நெருங்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம்) அப்படியே பயன்படுத்தினால், மோதலுக்குப் பின் ஆற்றல் கூடிவிடக்கூடும் என்பதை 1980களில் இயக்கவியல் அறிஞர் தாமஸ் கேன் காட்டினார். ஆகவே மென்பொருள் தரும் வரைபடம் அழகாக இருக்கிறதே என்று நம்பிவிடாமல் ஆற்றல் கணக்கைத் தனியே சரிபார்ப்பது என் வழக்கம்.

சக்கரம் தரையிடமிருந்து பெறக்கூடிய மொத்த உராய்வுக்கு ஓர் எல்லை உண்டு. முன்னோக்கிய வேகத்தைத் தடுக்கவே அது முழுவதும் செலவாகிவிட்டால் பக்கவாட்டில் பிடிக்க மிச்சமிருக்காது. அந்த நிலையில் பெட்டி சற்றே கோணலாகத் தள்ளினாலும் டிராக்டரின் பின்பகுதி விலகி, இரண்டும் கத்தி மடங்குவதுபோல் மடங்கிவிடும்.

வயலில் குறுகித் திரும்ப வசதியாக இடது, வலது பிரேக் மிதிகளைப் பிரித்து வைத்திருப்பார்கள். சாலைக்கு ஏறும்போது அவற்றைச் சேர்க்கும் தாழ்ப்பாளைப் போட மறந்தால், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடித்து, வண்டி மடங்கத் தேவைப்படும் அந்தக் கோணத்தை ஓட்டுநரே உண்டாக்கிவிடுகிறார். தாழ்ப்பாளைப் போடுவது ஒரு நொடி வேலை. தேய்ந்த பின்னை மாற்ற ஆகும் செலவும் பெரிதல்ல. பெட்டிக்கு பிரேக் வைப்பதுதான் செலவுள்ள வேலை, ஆனால் மேலே சொன்ன 16 மீட்டரைக் குறைக்கக்கூடியதும் இம்மூன்றில் அது ஒன்றுதான்.